ஸ்பீட்மாஸ்டரா, கரேராவா? ஏலத்தில் ஒரு பழைய கிரோனோகிராஃப்

1960களின் சுவிஸ் கிரோனோகிராஃப் (நிறுத்துக்கடிகாரமும் சேர்ந்த கைக்கடிகாரம்) ஒன்றை ஏலத்தில் எடுக்க நினைப்பவர் பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுவார்: ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 105.012, ஹோயர் கரேரா 2447. நான் கரேராவை எடுத்தவன். என் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டும் சாவி கொடுத்து ஓட்டுபவை. ஒமேகாவில் 321 இயந்திரம், ஹோயரில் வால்ஜூ 72. நிலவுக்குப் போன பெருமை ஒமேகாவுக்கு. 1969இல் நிலவில் விண்வெளி வீரர் ஆல்ட்ரின் கட்டியிருந்தது இந்த வகைதான். கரேரா 1963இல் ஜாக் ஹோயர் கொண்டுவந்தது, மெக்சிகோவின் கார் பந்தயம் ஒன்றின் பெயரைத் தாங்கியது. அளவு 36 மி.மீ.; ஒமேகா 42.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: உள்ளே இருப்பவை பிறந்தபோது இருந்த பாகங்கள்தானா? அந்தக் காலத்தில் சர்வீஸுக்குப் போன கடிகாரங்களுக்கு மங்கிய டயலையும் முள்ளையும் கழற்றிப் புதிதாகப் போட்டுத் தருவது சகஜம். கட்டியவருக்கு அது நன்மை. இன்று விற்பவருக்கோ பெரிய நஷ்டம். ஸ்பீட்மாஸ்டரில் மாற்றுவதற்கு இடங்கள் அதிகம். பெசலையே, அதாவது டயலைச் சுற்றி வேக எண்கள் பொறித்த வளையத்தையே பாருங்கள். பழையதில் புள்ளி 90 என்ற எண்ணின் தலைக்கு மேல் இருக்கும், பின்னர் வந்ததில் பக்கத்தில். அந்த ஒரு புள்ளிக்காகப் பழைய பெசல் தனியாகவே நல்ல விலைக்குப் போகிறது. ஆகவே ஏலப் பட்டியலில் பளிச்சென்று தெரியும் பெசல் எந்தக் கடிகாரத்திலிருந்து வந்தது என்று யார் சொல்வது? ஒமேகாவின் வரிசை எண் இயந்திரத்தில் இருக்கிறது. நிறுவனம் தன் பழைய பதிவேடுகளைப் பார்த்துத் தரும் காப்பகச் சான்று அந்த எண்ணுக்குத்தான் பேசும், டயலுக்கும் பெசலுக்கும் அல்ல.

மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏல நிறுவனம் நடத்திய ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2915-1 என்ற முதல் மாடல் ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவே. பல கடிகாரங்களின் பாகங்களைக் கோத்துச் செய்தது அது என்று 2023இல் தெரியவந்தது. முன்னாள் ஊழியர்களுக்கு இதில் பங்கு உண்டு என்று நிறுவனமே சொன்னது. கடிகாரத்தைத் தயாரித்த நிறுவனத்துக்கே அந்த கதி.

கரேராவில் வெளிப்பெசல் எண்களே இல்லை. மாடல் எண்ணும் வரிசை எண்ணும் வார் மாட்டும் கொம்புகளுக்கு நடுவில், கேஸிலேயே வெட்டப்பட்டிருக்கும். வாரைக் கழற்றிப் படம் அனுப்பச் சொன்னால் போதும். கொம்புகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால் கேஸ் அதிகம் மெருகேற்றப்படவில்லை; வழுவழுவென்று உருண்டிருந்தால் விட்டுவிடுங்கள். டயலை மறுபடி அச்சிட்டிருக்கும் ஆபத்து இதிலும் உண்டு, எழுத்துகளை லென்ஸில் பார்த்தே ஆக வேண்டும்.

பராமரிப்பில் ஒமேகா முந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். 2019இல் அவர்கள் 321ஐ மீண்டும் தயாரிக்கத் தொடங்கினார்கள். வால்ஜூ 72 உற்பத்தி 1970களிலேயே நின்றுவிட்டது. ரோலெக்ஸின் பழைய டேடோனாக்களிலும் அதே அடிப்படை இயந்திரம் என்பதால் உதிரிகளுக்குப் போட்டி வேறு. மறுவிற்பனையைப் பொறுத்தவரை நான் கரேராவை விற்றுப் பார்த்தவன் இல்லை. ஸ்பீட்மாஸ்டருக்கு வாங்குவோர் கூட்டம் பெரியது என்பதால் அது சீக்கிரம் கைமாறும் என்பது என் ஊகம். எதை எடுத்தாலும், சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏறத்தாழ கால் பங்கு ஏல நிறுவனத்தின் கமிஷனுக்குப் போகும். கை தூக்குவதற்கு முன்பே அதைக் கூட்டிவையுங்கள்.