போர்ச்சுகல் சிறுபண்ணைக்கு வாலண்டியராகப் போகிறவர்கள் பஸ் டிக்கெட் எடுக்கும் முன் படிக்கவும்

ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் தோட்ட வேலை, வாரம் ஐந்து நாள். பதிலுக்குச் சைவச் சாப்பாடு, தனி அறை. விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான். அதை நம்பி நவம்பர் மாதம் நடு போர்ச்சுகலின் மலைப்பக்கப் பண்ணை ஒன்றுக்குப் போன இரண்டு பேர், பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் முன்பணத்தையும் விட்டுவிட்டு, பதினோரு கிலோமீட்டர் நடந்து வந்து பஸ் ஏறியிருக்கிறார்கள். பண்ணையின் பெயரை இங்கே போடவில்லை. இதே மாதிரி விளம்பரங்கள் நிறைய இருப்பதால், அவற்றை அடையாளம் காணத் தெரிவதுதான் முக்கியம்.

இந்த ஏற்பாட்டில் தப்பில்லை. 1971-இல் இங்கிலாந்தில் இயற்கைப் பண்ணைகளில் வார இறுதி வேலை என்று தொடங்கியது இன்று உலகம் முழுக்க நடக்கிறது; நல்ல மனசோடு சோறு போட்டுத் தொழிலும் கற்றுக்கொடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கெட்ட இடத்தில் மாட்டினால் கேட்க நாதியில்லை. சம்பளம் கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, பஸ் கிடையாது.

முதல் ஏமாற்று, மணிக்கணக்கு. நவம்பர் என்றால் அங்கே ஆலிவ் அறுவடை. மரத்தடியில் வலை விரித்து, நீளக் கழியால் கிளையை உலுக்கி, விழுந்த காயில் இலையும் குச்சியும் பொறுக்கி, இருபது கிலோ பெட்டிகளில் அள்ள வேண்டும். பறித்த காயைக் குவித்து வைத்தால் சூடேறிப் புளிக்கும், எண்ணெய் கெடும். அதனால் செக்கு ஆலையில் மறுநாள் காலை முறை கிடைத்துவிட்டால், இன்று இருட்டும் வரை யாரும் தோப்பை விட்டு நகர முடியாது. அவசரம் உண்மைதான். அந்தக் கூடுதல் மணி நேரத்துக்குப் பதிலாக லீவு தருகிறார்களா என்பதுதான் கேள்வி. இங்கே தரவில்லை. மழை பெய்து வேலை நின்ற இரண்டு நாட்களையும் "லீவு எடுத்தீர்கள்" என்று கழித்துவிட்டார்கள். கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்: வாரத்துக்கு மொத்தம் எத்தனை மணி நேரம்? சமையல், பாத்திரம், விறகு பிளப்பது, ஆட்டுக்குத் தண்ணீர் வைப்பது எல்லாம் அதில் சேருமா? மழை நாள் யார் கணக்கில்?

அடுத்தது, அது பண்ணையே இல்லை. தோட்டத்து மூலையில் மூன்று கூடாரங்கள், ஒரு கல்வீடு. சனிக்கிழமை தோறும் விருந்தாளிகள். படுக்கை விரிப்பு மாற்றுவது, கழிப்பறை கழுவுவது எல்லாம் வாலண்டியர் தலையில். அது லாட்ஜ் வேலை, அதற்குச் சம்பளம் உண்டு. இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். ஊர்ப் பெயரையும் பண்ணைப் படத்தையும் வைத்து அறை வாடகைத் தளங்களில் தேடுங்கள். போர்ச்சுகலில் சுற்றுலாப் பயணிகளுக்கு வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் பதிவு எண் வாங்கி, விளம்பரத்தில் போட வேண்டும். உங்கள் பண்ணை அங்கே எண்ணோடு நின்றால், "விருந்தினர் அறை வேலை உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் போகாதீர்கள்.

தனி அறை என்றது ஒரு பழைய கேரவன், அதாவது சக்கரம் வைத்த வண்டி வீடு. கூரை ஓரம் கறுப்புப் பூஞ்சணம். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் சொதசொதவென்று ஈரம். குளிருக்குக் கொடுத்தது புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர். தயவுசெய்து இதில் மட்டும் விளையாடாதீர்கள். மூடிய கேரவனில் அதை எரியவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் உள்ளங்கை அளவுதான், பையில் ஒன்று இருக்கட்டும். போகும் முன் படுக்கும் இடத்தின் படத்தை இந்த வாரம் எடுத்ததாக அனுப்பச் சொல்லுங்கள்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, சாப்பாட்டுக்கென்று ஆளுக்கு நாளொன்றுக்கு பத்து யூரோ கேட்டார்கள். கிடைத்தது ரொட்டி, முட்டைக்கோஸ் சூப். அரிசி கேட்டதற்கு "இங்கே கிடைப்பது கஷ்டம்" என்று பதில். ஐரோப்பாவிலேயே ஆளுக்கு ஆள் அதிகம் அரிசி சாப்பிடுகிற நாடு போர்ச்சுகல்! வேலையும் வாங்கிக்கொண்டு காசும் கேட்கிறவர்களிடம் ஒரு நாள்கூட இருக்க வேண்டியதில்லை.

பிரஷ் கட்டரை, அதாவது புல்லும் புதரும் வெட்டும் சுழல் பிளேடு மெஷினைக் கையில் கொடுத்தால், முகக் கவசம், காதுக் கவசம், முழங்கால் வரை உறை, கனமான பூட்ஸ் நான்கும் இல்லாமல் தொடாதீர்கள். சுற்றிப் பதினைந்து மீட்டருக்குள் ஆள் இருக்கக் கூடாது. பிளேடு கல்லில் பட்டால் கல் பறக்கும். விசாவுக்காக எடுத்த முப்பதாயிரம் யூரோ இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். பல பாலிசிகளில் உடலுழைப்பு வேலையில் படும் காயத்துக்கு விலக்கு உண்டு, அந்த வரியைத் தேடிப் படியுங்கள். கோடையில் போகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து: காட்டுத் தீ. 2017 ஜூனில் நடு போர்ச்சுகலின் பெத்ரோகாவ் கிராந்தே பகுதியில் இறந்த 66 பேரில் பெரும்பாலோர் தப்பி ஓடும் வழியில், சாலையிலேயே சிக்கியவர்கள். பண்ணைக்கு எத்தனை பாதை, தீ வந்தால் எந்தப் பக்கம் போவது என்று போன அன்றே கேளுங்கள். அவசர எண் 112.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு விசாதான் பெரிய சிக்கல். ஷெங்கன் (போர்ச்சுகலும் சேர்ந்த பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) சுற்றுலா விசா 180 நாளில் 90 நாள் தங்கத்தான், வேலைக்கு அல்ல. சோறும் இடமும் வாங்கிக்கொண்டு செய்வதும் வேலைதான் என்று நியூசிலாந்து மாதிரி நாடுகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. ஆகவே பண்ணைக்காரர் "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்றால் அவருக்குப் பிரச்சினை இல்லை என்று அர்த்தம். தூதரகத்திடம் எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். இந்தப் பண்ணையிலும் முன்பணம் ஐம்பது யூரோவைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில், "போலீசில் சொல்லேன், உன் விசாவையும் பார்ப்பார்கள்" என்பதுதான்.

முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைக்கிறேன்" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். பக்கத்து ஊர் டாக்சிக்காரர் நம்பரைப் போகிற அன்றே வாங்குங்கள். இரண்டு இரவு லாட்ஜுக்கும் லிஸ்பனுக்குத் திரும்பும் டிக்கெட்டுக்கும் பணத்தை எடுத்துத் தனியாக வையுங்கள். அதைத் தொடவே கூடாது.

மதிப்புரைகளைப் பார்த்தோமே, நன்றாகத்தானே இருந்தது என்பீர்கள். இருந்தது. இரு பக்கமும் மதிப்புரை எழுதும் தளங்களில், குறை சொன்னால் பண்ணைக்காரரும் நம்மைப் பற்றிக் குறை எழுதுவார் என்று பயந்து பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அஸ்தமனம் அழகு, நாய் சமத்து என்று பத்து மதிப்புரை இருந்து, படுக்கை பற்றியும் சாப்பாடு பற்றியும் ஒரு வரிகூட இல்லை என்றால் உஷாராகுங்கள். அங்கே தங்கியவர்கள் இரண்டு பேருக்காவது தனியாக எழுதிக் கேளுங்கள். நீங்கள் மதிப்புரை எழுதும்போது திட்டாமல், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எங்கே படுத்தீர்கள், தட்டில் என்ன இருந்தது, எத்தனை யூரோ கேட்டார்கள் என்று தேதியோடு எழுதுங்கள்.