வெயிலுக்கு செல்சியஸ், காய்ச்சலுக்கு ஃபாரன்ஹீட்

மே மாதம் வந்தாலே பேப்பர்காரர்கள் 'வேலூரில் வெயில் சதமடித்தது' என்று போட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சதம் ஃபாரன்ஹீட்டில். செல்சியஸில் பார்த்தால் 37.8தான். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறவனுக்கு 37.8 ஒரு வெயிலா? சமவெளியில் வெப்ப அலை என்று சொல்ல வானிலைத் துறை முதலில் பார்ப்பது 40 செல்சியஸைத் தொட்டதா என்பதை. அதாவது 104 ஃபாரன்ஹீட். வெயில் விஷயத்தில் என் ஓட்டு செல்சியஸுக்கு. செல்போனிலும் அதுதானே வருகிறது.

காய்ச்சல் என்றால் கதை வேறு. பழைய பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்து, புதிதாக ஒரு டிஜிட்டல் வாங்கி வந்தேன். தம்பிக்கு வைத்துப் பார்த்த அம்மா, "இன்னாடா, முப்பத்தெட்டுன்னு காட்டுது? மெஷினு கெட்டுப்போச்சா?" என்றாள். காட்டியது 38.9, அதாவது 102. 102 என்று காட்டியிருந்தால் அந்த நிமிடமே ஈரத்துணியும் மாத்திரையும் வந்திருக்கும். நம் வீடுகளில் 98.6, 100, 102 என்றுதான் காய்ச்சல் பேசுகிறது. அங்கே ஃபாரன்ஹீட்டை மாற்றச் சொல்ல எனக்கு மனசில்லை.

சரி, செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக்கும் மனக்கணக்கு. பலர் சொல்லித்தருவது 'இரட்டித்து 30 கூட்டு'. சரியாக வருவது 10 செல்சியஸில் மட்டும். வேலூரில் அந்தக் குளிரை யார் பார்த்தது? 37க்குப் போட்டால் 104 வரும். நல்லா இருக்கிற ஆளைப் படுக்க வைத்துவிடும்.

இரட்டித்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32 கூட்டுங்கள். 41ஐ இரட்டித்தால் 82, 8.2 போனால் 73.8; 32 சேர்த்தால் 105.8. தோராயம் இல்லை, துல்லியமான விடை.

திருப்பிப் போட 40 வழி சுலபம். இரண்டு அளவுகோலும் மைனஸ் 40இல் ஒன்றாகச் சேர்வதால் வேலை செய்கிறது. 40 கூட்டு, ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகு, 40 கழி. 104 என்றால் 144, அது 80 ஆகி, 40இல் வந்து நிற்கும். கணக்கே பிடிக்காதவர்கள் 35க்கு 95, 40க்கு 104 என்று மனப்பாடம் செய்துகொண்டு, நடுவில் டிகிரிக்கு 1.8 கூட்டினால் போதும். நான் செய்வது அதுதான்.

கெல்வின் என்று மூன்றாவதாக ஒரு வெப்ப அளவுகோல் உண்டு, அது நம் வீட்டுக்குத் தேவையில்லை. ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கியில் நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு வேண்டும், செல்சியஸோடு 273.15 கூட்டினால் முடிந்தது. அதற்கு 'டிகிரி' போடக்கூடாது, வெறும் கெல்வின்.

ஒரு இடத்தில் மட்டும் ஏமாறாதீர்கள். 'நாளை 2 டிகிரி செல்சியஸ் கூடும்' என்றால் ஃபாரன்ஹீட்டில் கூடுவது 3.6. அங்கேயும் 32ஐச் சேர்த்தால் 35.6 கூடும் என்று வரும். 104இல் இருக்கிற ஊர் மறுநாளே 140ஐத் தொட்டுவிடும்.