செந்தூல் சபைச் சமையற்கட்டு: சாப்பாடு சுமார், பந்திக்கு முழு மதிப்பெண்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவச் சபை சனிக்கிழமைதோறும் வைக்கும் பொதுப் பந்தி இது. முதலில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் எல்லோரும் கேட்பீர்கள். சாம்பார் தண்ணீர். கோழிக்குழம்பு ஒரு சனிக்கிழமை கண்ணில் நீர் வரவைக்கும், அடுத்த சனிக்கிழமை குழந்தைக்கு ஊட்டலாம் போல இருக்கும். அன்றைக்கு யார் கரண்டி பிடிக்கிறார்களோ அவர்கள் வீட்டு ருசி. ரசம் மட்டும் எப்போதும் நன்றாக இருக்கிறது. அதை வைப்பவர் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், மிளகை அவரேதான் இடிப்பார், யாரையும் அடுப்புக்குக் கிட்டே விடமாட்டார். தேத்தண்ணியில் சர்க்கரை அநியாயம். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கிறது என்று தெரிந்தும் ஏன் இப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டேன், சிரித்தார்கள்.

இடம், செந்தூலில் ஒரு தமிழ்ச் சபையின் பின்பக்க மண்டபம். சனிக்கிழமை மதியம். பெயரை எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. இதுவரை ஐந்து சனிக்கிழமை போயிருக்கிறேன்.

முதல் நாள் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். வாசலில் நிரப்பப் படிவம் இல்லை, அடையாள அட்டை எண் கேட்கவில்லை, மாத வருமானம் கேட்கவில்லை. ஓர் அக்கா என்னைப் பார்த்து, "அண்ணே, வெங்காயம் உரிக்கிறீங்களா, கேரட் சீவுறீங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சாப்பிட வந்தவனா, உதவிக்கு வந்தவனா? சுற்றிப் பார்த்தால் மற்றவர்களையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சபை மெம்பர் யார், பக்கத்து அடுக்குமாடியிலிருந்து வந்தவர் யார், சபைக்கே சம்பந்தமில்லாத இந்துப் பாட்டி யார், எல்லோருக்கும் ஒரே ஈர ஏப்ரன். சரி என்று வெங்காயத்தை எடுத்துக்கொண்டேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், பழைய கதை ஒன்று இருக்கிறது. 2021 ஜூன் 1ஆம் தேதி முழு முடக்கம் தொடங்கியபோது நான் ஒரு ஹோட்டலில் சலவைப் பிரிவில் இருந்தேன், அதாவது பெயருக்கு இருந்தேன், சம்பளமில்லா விடுப்பு. மாதக் கடைசியில் ஊரெல்லாம் வெள்ளைக் கொடி கட்ட ஆரம்பித்தார்கள், பசிக்கிறது, உதவி வேண்டும் என்று அதற்கு அர்த்தம், நினைவிருக்கும். எங்கள் வீட்டு ஜன்னலில் தொங்கியது ஹோட்டல் தலையணை உறை. மூன்றாம் நாள் ஒரு சபையிலிருந்து வந்தார்கள் (இது வேறு சபை, எந்த ஊர் என்றுகூடச் சொல்லமாட்டேன்). ஐந்து கிலோ அரிசி, எண்ணெய், சார்டின், மைலோ, மெகி. நிஜமாகவே தேவைப்பட்ட நேரம், சாப்பிட்டோம், அதற்கு இன்றைக்கும் நன்றி. ஆனால் கொடுப்பதற்கு முன் பேனரை விரித்தார்கள். என் மகளை முன்னால் நிறுத்தி, பாக்கெட்டைக் கையில் கொடுத்து, "கொஞ்சம் சிரிம்மா" என்றார்கள். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று படித்த சபைதான், இடது கையில் கேமரா இருந்தது. படம் பேஸ்புக்கில் வந்தது. மறு வாரம் இணைய வகுப்பில் எவனோ ஒரு பையன் அதைப் பற்றி எழுதினான், அவள் கேமராவை அணைத்துவிட்டாள். அரிசி இரண்டு வாரத்தில் தீர்ந்தது. படம் இன்னும் இருக்கிறது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. முகக்கவசத்துடன் வெயிலில் எட்டு மாடி ஏறி வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாக்கெட்டை வாங்கிய பிறகு நான் செய்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை, சிரிப்பதைத் தவிர. நம் கல்யாணத்தில் மொய் எழுதுகிறோமே, அதில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது, இன்றைக்கு நீ செய்தாய், நாளைக்கு உன் வீட்டு விசேஷத்துக்கு நான் செய்வேன், அதனால் வாங்குகிறவன் தலை குனிவதில்லை. தருமத்தில் அந்த நோட்டு இல்லை. என்னிடமிருந்தும் ஏதாவது தேவைப்படும் என்று அந்த பேனர்காரர்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

செந்தூலில் அந்த நோட்டு இருக்கிறது, சுவரில் வெள்ளைப் பலகையாக. இந்த வாரம் யார் அடுப்பு, யார் பாத்திரம், யார் மார்க்கெட், யார் சாவி. சாவி மூன்று பேரிடம் சுற்றுகிறது, அதில் இருவர் சபை மெம்பர்களே அல்ல. டயாலிசிஸ் போகும் ஓர் ஆண்ட்டியால் நின்று வேலை செய்ய முடியாது, கணக்கு நோட்டு அவரிடம்; பாஸ்டரே முட்டைக்கோஸ் வாங்கப் பணம் வேண்டுமென்றால் அவரிடம்தான் போய் நிற்கவேண்டும், அவரும் சும்மா கொடுப்பதில்லை, போன வார ரசீது எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் பையைத் திறப்பார். மூடிய டப்பா ஒன்று உண்டியலாக இருக்கிறது, யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாது, போடாதவரும் தெரியாது. மெனுவை முந்தின வாரமே கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். மாட்டிறைச்சி கிடையாது, பன்றி கிடையாது, சைவத்துக்குத் தனிக் குண்டான், தனி அகப்பை.

வெங்காயம் உரிக்கும்போது ரசப் பெரியவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பைபிளில் அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எருசலேம் சபையில் தினசரிச் சாப்பாட்டுப் பங்கீட்டில் எங்கள் விதவைகளை விட்டுவிடுகிறீர்கள் என்று கிரேக்கம் பேசுகிறவர்கள் முறையிட்டார்கள், அதற்காக ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். "அந்த ஏழு பேரையும் பாருங்க தம்பி, ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன்… ஒண்ணு விடாம கிரேக்கப் பேரு" என்றார். யார் குறை சொன்னார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களிடமே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. இத்தனை வருஷப் பிரசங்கத்தில் ஒருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை, பூண்டு வாசனையோடு ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பந்தி பன்னிரண்டரைக்கு. ஒரே நீள மேசை, ஒரே சில்வர் தட்டு, பரிமாறுகிறவர்களும் கடைசியில் உட்கார்ந்து அதையேதான் சாப்பிடுகிறார்கள். பைபிளில் பவுல் கொரிந்து சபையைத் திட்டியதே இதற்காகத்தானே, வசதியானவர்கள் முதலில் தின்று முடித்துவிட இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள் என்று. சௌகிட் பக்கம் ஜாலான் ராஜா அலாங் குருத்வாராவில் (சீக்கியர் கோவில்) லங்கர் என்ற இலவசப் பொதுப் பந்தியில் சாப்பிட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சீக்கியர்கள் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதை மதக் கடமையாகவே வைத்திருக்கிறார்கள். நாம் ஐக்கிய விருந்து என்று பெயர் மட்டும் வைத்துவிட்டு அதைக் கிறிஸ்மஸுக்கு ஒதுக்கிவிட்டோம். ஜெபம் ஒரு நிமிடம்தான். துண்டுப் பிரசுரம் இல்லை, ஞாயிறு ஆராதனைக்கு வாருங்கள் என்ற கொக்கியும் இல்லை. சோற்றுக்காக மதம் மாறினவர்கள் என்ற ஏச்சை நம் பாட்டன் காலத்திலிருந்து கேட்டவர்கள் நாம், இது நியாயமான ஜாக்கிரதை. பக்கத்து மாடி மலாய்க் குடும்பங்கள் இங்கே வந்து சாப்பிடுவதில்லை, அதற்கு அவர்களுக்குக் காரணம் உண்டு, யாரும் வற்புறுத்துவதும் இல்லை. ஆனால் லிஃப்ட் விஷயத்தில் எல்லோரும் ஒன்று.

லிஃப்ட் கதை இதுதான். மாதம் 124 ரிங்கிட் வாடகை பிபிஆர் (அரசாங்க மலிவு வாடகை வீடு) அடுக்குமாடி, இரண்டு லிஃப்டில் ஒன்று பல மாதமாக ஓடவில்லை, மற்றது இஷ்டப்பட்டால் ஓடும். மேல் மாடிக் கிழவிகள் இறங்க முடியாமல் கிடக்கிறார்கள். வேறொரு குழு அவர்களுக்கு அரிசியைத் தோளில் சுமந்துகொண்டு மேலே ஏறிக் கொடுத்துவந்தது, மெச்ச வேண்டிய உடம்பு. இங்கே சாப்பாட்டு மேசையில் ஒருத்தி கேட்டாள், ஏன் அரிசி ஏற வேண்டும், பாட்டி ஏன் இறங்கக் கூடாது? அங்கிருந்து கையெழுத்துத் தாள், தமிழிலும் மலாயிலும், வீடு வீடாக. நிர்வாக அலுவலகத்துக்கு முப்பது பேர் போனார்கள், பாஸ்டர் போனார், ஆனால் பேசியது சர்க்கரை அதிகம் போடும் அந்தத் தேத்தண்ணி அக்கா. லிஃப்ட் சரியானதா? ஒன்று ஆனது. இன்னொன்றுக்கு மறுபடி போகிறார்கள்.

மேசையில் என் பக்கத்தில் உட்காருபவர் முன்பு மஸ்ஜித் ஜாமேக் பக்கம் தெருவில் படுத்தவர். ஒரே ராத்திரி மூன்று குழு வந்து மூன்று பொட்டலம் கொடுக்கும், காலையில் ஒன்றும் இருக்காது என்பார். 2014 ஜூலையில் நகர மையத்தைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் இலவச உணவு கொடுக்கக் கூடாது என்று அறிவிப்பு வந்து பெரிய சண்டை நடந்ததே, அப்போது கொடுக்கிறவர்களும் அமைச்சரும் பத்திரிகையில் பேசிக்கொண்டார்கள், சாப்பிடுகிற என்னிடம் ஒருவர் வந்து கேட்கவில்லை என்பது அவருடைய மாறாத குறை.

குறைகள் இங்கேயும் உண்டு. கூட்டம், கூட்டம், எதற்கெடுத்தாலும் கூட்டம். அப்பளம் பெரியதா சின்னதா என்று இருபது நிமிடம் பேசினார்கள். ஒரு டீக்கன் இன்னும் "நம்ம ஏழைங்க" என்றுதான் பேசுகிறார், கேட்டால் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கிறது. முக்கியமான குறை: எல்லோராலும் வெங்காயம் உரிக்க முடியாது. இரண்டு ஷிப்ட் வேலை முடித்துக் கண் சொருகி வந்த ஒரு தாய்க்குக் கேரட்டைக் கொடுத்தார்கள், அவள் அதற்கப்புறம் இரண்டு வாரம் வரவேயில்லை. பசியில் இருப்பவனுக்கு முதலில் சோறு, தோழமை எல்லாம் பிறகு. புத்தி வந்து இப்போது கதவோரம் ஓர் அலமாரி வைத்திருக்கிறார்கள், பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போகலாம். அந்தத் தாய் திரும்ப வருகிறாள், அலமாரியோடு சரி, அதுவும் சரிதான்.

போகிறவர்களுக்கு: கார் நிறுத்த இடம் கிடையாது, கேடிஎம் ரயிலில் வாருங்கள். பத்தரைக்கு முன்னால் போனால் கத்தி கிடைக்கும், தாமதமானால் பாத்திரம்தான். ரசம் ஒரு மணிக்குத் தீர்ந்துவிடும்.

போன வாரம் மகளையும் கூட்டிப் போனேன். வாசலில் நின்று, "படம் எடுப்பாங்களாப்பா?" என்றாள். இல்லை என்றேன். அரை மணி நேரம் என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றவளைத் தேத்தண்ணி அக்கா அப்பளம் பொரிக்கக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அப்பளமெல்லாம் கருகிவிட்டது என்று யாராவது குறை எழுதியிருந்தால், அது எங்கள் வீட்டுப் பிள்ளை.