சிக்னல் செயலி: சாவி யாரிடம் இருக்கிறது?

செய்திகளை மறைகுறியாக்கி, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றி, அனுப்பும் செயலிகள் பல இருந்தாலும், சிக்னலை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம், செய்தியைத் திறக்கும் சாவிகள் உரையாடுவோரின் கைப்பேசிகளிலேயே உருவாகி அங்கேயே இருப்பதும், அதன் நிரல் எவரும் படித்துச் சோதிக்கும்படி வெளியிடப்பட்டிருப்பதும்தான். ஒவ்வொரு செய்திக்கும் புதிய சாவி உருவாகி, பயன்படுத்திய சாவி அழிக்கப்படுவதால், இன்று ஒரு சாவி பிறர் கைக்குப் போனாலும் அதைக் கொண்டு பழைய உரையாடல்களைப் படிக்க முடியாது. 2016இல் அமெரிக்காவில் சட்டப்படி தகவல் கோரப்பட்டபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர சிக்னலை நடத்திய நிறுவனத்தால் எதையும் தர இயலவில்லை. விளம்பர வாசகங்களைவிட இந்தச் சான்றையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

பலரும் கவனிக்காமல் விடுவது, ஒவ்வொரு உரையாடலுக்கும் சிக்னல் காட்டும் 60 இலக்கப் பாதுகாப்பு எண்ணை. நண்பரை நேரில் சந்திக்கும்போது இருவர் திரையிலும் அந்த எண்ணை ஒப்பிட்டாலோ, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தாலோ, நடுவில் வேறொருவர் புகுந்து தம் சாவியை மாற்றி வைக்கவில்லை என்பது உறுதியாகிவிடும். நண்பர் கைப்பேசியை மாற்றினாலும் எண் மாறக்கூடும் என்பதால், மாற்ற அறிவிப்பு வந்தவுடன் அவரை அழைத்துக் கேட்டுவிடுவது நல்லது.

கணக்கு தொடங்கக் கைப்பேசி எண் கட்டாயம் என்பது குறைதான். ஆனால் 2024 முதல் பயனர்பெயரை வைத்து அந்த எண்ணைப் பிறரிடமிருந்து மறைக்கலாம். திறந்து கிடக்கும் கைப்பேசியை எந்த மறைகுறியாக்கமும் காப்பாற்றாது என்பதால், திரைப்பூட்டையும் தானாக மறையும் செய்திகளையும் முதல் நாளிலேயே இயக்கிவிட வேண்டும்.