பம்பை மாற்றியும் தீராத கோளாறு: ஒரு ஒர்க்‌ஷாப்பின் சேவை குறித்து

பெட்ரோல் நிரப்பிக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு முறையும் எங்கள் கார் பங்க்கின் வாசலைத் தாண்டுவதற்குள் குலுங்கி அணைந்துவிடும். மறுபடி சாவியைத் திருப்பினால் வெகுநேரம் இழுத்து, பச்சைப் பெட்ரோல் வாடையோடு தடுமாறி, ஒரு நிமிடத்துக்குப் பிறகுதான் நிதானத்துக்கு வரும். அடுத்த முறை பெட்ரோல் நிரப்பும் வரை அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சில மாதங்களில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. டேங்க் பாதிகூட நிறையாத நிலையில் நிரப்பும் குழாய் ‘டக்’கென்று தானாக நின்றுவிடும், ஊழியர் விசையை மெல்ல அழுத்தி, சிறிது சிறிதாக ஊற்ற வேண்டியிருக்கும்.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். பிறகு ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்குகளையும் டேங்க் மூடியையும் மாற்றினார்கள். கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தது. இந்த மதிப்புரை அதன் பிறகு நான் சென்ற இரண்டாவது ஒர்க்‌ஷாப்பைப் பற்றியது. குறைகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அங்கே தலைமை மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன் கேள்விகளைத்தான் கேட்டார். வண்டி நிரப்பியவுடன் மட்டும் அணைகிறதா, நீண்ட தூரம் ஓடிய பிறகும் அணைகிறதா? மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடுகிறதா? குழாய் தானாக நின்ற பிறகும் மேலே ஊற்றச் சொல்லும் வழக்கம் உண்டா? கடைசிக் கேள்விக்கு ‘உண்டு’ என்றுதான் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முதல் ஒர்க்‌ஷாப்பின் ரசீதை வாங்கிப் பார்த்தவர், அதன் ஓரத்தில் ஸ்கேனர் காட்டிய பிழை எண்ணாக பி 0496 என்று குறித்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். பெட்ரோல் ஆவி எஞ்சினுக்குள் அளவுக்கு மேல் போகிறது என்பதே அதன் பொருள். அந்த எண்ணைக் கண்டவர்கள் அதை அழித்துவிட்டுப் பம்பை மாற்றியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அவர் விளக்கிய முறையை நான் அறிந்த வரையில் சொல்கிறேன். டேங்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளிக்காற்றில் கலந்துவிடாதபடி, அதைக் கேனிஸ்டர் என்னும் பெட்டியிலுள்ள செயலூட்டிய கரி உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு அளவோடு திறந்து, அந்த ஆவியை எஞ்சின் இழுத்து எரிக்க வழிவிடுகிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் அந்த வால்வு மூடியே இருக்க வேண்டும். எங்கள் காரில் அது திறந்தபடியே சிக்கிக்கொண்டிருந்தது. பெட்ரோல் உள்ளே பாயும்போது டேங்கில் இருந்த ஆவியெல்லாம் கேனிஸ்டருக்குள் தள்ளப்படுகிறது. உடனே வண்டியைக் கிளப்பினால் அந்த ஆவி மொத்தமும் எஞ்சினுக்குள் புகுந்து, காற்றின் பங்கு குறைந்து, எஞ்சின் மூச்சுத் திணறி அணைகிறது. ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டு கிளப்பினால் வண்டி கிளம்பிவிடுவதை நானே கவனித்திருந்தேன். கூடுதல் காற்று உள்ளே போவதுதான் அதற்குக் காரணம் என்பது அன்றுதான் விளங்கியது.

என்னை முழுமையாக நம்ப வைத்தது அவர் செய்து காட்டிய சோதனை. குளிர்ந்திருந்த எஞ்சினை ஓடவிட்டு, வால்வின் டேங்க் பக்கக் குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் என் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். விரல் உள்ளே இழுபட்டது. மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அந்த இழுப்பு நிற்கவில்லை. பிறகு குழாயையும் வால்வின் வாயையும் தற்காலிகமாக அடைத்துவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு போய்ப் பெட்ரோல் நிரப்பினார். பல மாதங்களுக்குப் பிறகு முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. ஒரு பொருளையும் மாற்றாமல், நோயை உறுதி செய்த பிறகே மருந்துக்குப் போன அந்த ஒழுங்கை நான் பெரிதும் மதிக்கிறேன்.

நிரப்பும்போது குழாய் நின்றதற்கான காரணமும் அதே இடத்தில்தான் இருந்தது. பெட்ரோல் உள்ளே வர வேண்டுமானால் டேங்கில் இருக்கும் காற்று கேனிஸ்டர் வழியாக வெளியேறியாக வேண்டும். அந்த வழி அடைபட்டால் பெட்ரோல் கழுத்துக் குழாயிலேயே ஏறி நின்று, நிரப்பும் குழாயின் நுனியிலுள்ள சிறு துளையை மூடும். அத்துளை மூடப்பட்டவுடன் விசை தானாக விடுபடும்படிதான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே பங்க்கின் குழாய்மீது தவறில்லை. கேனிஸ்டரைக் கழற்றிக் குலுக்கியபோது கறுப்புக் கரித்துகள்கள் கொட்டின. ‘டக்’கென்று நின்ற பிறகும் ஊற்றி ஊற்றி, ஆவிக்கென இருந்த பெட்டிக்குள் திரவப் பெட்ரோலைப் புகுத்தியதில் கரி ஊறி நொறுங்கி, ஒரு பக்கம் பர்ஜ் வால்வைத் திறந்தபடி சிக்கவைத்து, மறுபக்கம் கேனிஸ்டரிலிருந்து காற்று வெளியே போய்வரும் வழியான காற்றுப் போக்கியை அடைத்திருக்கிறது. அந்தப் பழக்கம் என்னுடையது. அதை மறைப்பது நியாயமாகாது.

காற்றுப் போக்கி அடைபடுவதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். பெட்ரோல் குறையக் குறைய டேங்கினுள் வெற்றிடம் கூடும். பம்ப் இழுக்கச் சிரமப்பட்டு, ஓட்டத்திலேயே வண்டி அணையலாம். டேங்க் உட்புறமாக ஒடுங்கவும் கூடும். 2011-இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் தன் மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே, அந்தக் காற்றுப் போக்கிக் குழாயில் ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை கட்டி அடைத்து, டேங்கில் விரிசல் விழும் ஆபத்தை உண்டாக்கியதுதான். 2014-இல் அதே காரணத்துக்காக மறுபடியும் அழைக்க வேண்டியிருந்தது. ஒரு சிலந்தியின் வலையே அந்த அளவுக்குப் போதும் என்றால், நொறுங்கிய கரி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேனிஸ்டர், பர்ஜ் வால்வு, காற்றுப் போக்கி வால்வு மூன்றையும் மாற்றினார்கள். அதற்கு முன், இடைப்பட்ட குழாய்களில் தங்கியிருந்த துகள்களை ஊதி வெளியேற்றினார்கள். இதைச் செய்யாவிட்டால் புதிய வால்வும் சில வாரங்களில் சிக்கிக்கொள்ளும் என்றார் மெக்கானிக். வேலை முடிந்ததும் புகையைச் செலுத்திக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார்கள். சோதனைக்கான கூலியைத் தொடங்கும் முன்பே தனியாகச் சொல்லிவிட்டதும் எனக்குப் பிடித்திருந்தது.

குறைகள் இரண்டு. ஒரு நாளில் முடியும் என்றார்கள், பாகம் வரத் தாமதமாகி மூன்று நாள் ஆனது. அந்தத் தகவலை நானாகக் கேட்டுத்தான் அறிந்தேன். ரசீதில் ‘பெட்ரோல் அமைப்புப் பழுது’ என்று ஒற்றை வரியில் எழுதியிருந்ததை, ஒவ்வொரு பாகமாகப் பிரித்து எழுதித் தரும்படி வற்புறுத்த வேண்டியிருந்தது. கழற்றிய பழைய பாகங்களை மட்டும் கேட்காமலேயே பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஏழு மாதங்களாக வண்டி ஒருமுறையும் அணையவில்லை. இப்போது நிரப்பும் குழாய் முதல் முறை நின்றதுமே போதும் என்று சொல்லிவிடுகிறேன். இதே அறிகுறிகள் உங்கள் காரில் இருந்தால், பம்பை மாற்றச் சம்மதிக்கும் முன் பர்ஜ் வால்வின் குழாயைக் கழற்றி விரல் வைத்துப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.