சைபரை மட்டும் பார்த்தால் போதாது, ரேட்டையும் பாருங்க

பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில் ஒரு பெட்ரோல் பல்க். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் இதே வேலை நம்ம பக்கம் வேறு இடங்களிலும் நடப்பதாகக் கூட்டாளிகள் சொல்கிறார்கள்.

என் வண்டி பழைய 100 சிசி, கார்புரேட்டர் காலத்து வண்டி. "ஐந்நூறுக்குப் போடு தம்பி" என்றேன். "சைபர் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்று மரியாதையாகச் சொன்னான், பார்த்தேன், சைபர்தான். பணம் கொடுக்கிற நேரத்தில் லிட்டர் கணக்கு இடித்தது, வழக்கமாக விழுவதைவிடக் கால் லிட்டருக்கு மேலேயே குறைவு. ரேட் இருக்கிற வரியைப் பார்த்தால் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடுதல். கேட்காமலே 95 ஆக்டேன் பிரீமியத்தைப் போட்டுவிட்டான். சைபரைப் பார்க்கச் சொல்லும்போது நம் கண் சைபரில்தான் நிற்கும், ரேட்டுக்குப் போகாது. அதுதான் இதில் சூட்சுமம்.

"நார்மல் தீந்துட்டு அண்ணாச்சி" என்றான். பக்கத்து மெஷினில் ஒரு பெரியவர் தன்னுடைய எக்ஸெல் வண்டிக்கு நார்மல் போட்டுக்கொண்டுதான் இருந்தார். மேனேஜரிடம் போனால், "நல்ல சரக்குதானே போட்டிருக்கான், மைலேஜ் கூடும், பெட்ரோல்ல கலக்குற எத்தனால் தொந்தரவும் கிடையாது, எதுக்கு சார் கோவப்படுதீங்க" என்கிறார். பையன்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை, பிரீமியத்தைத் தள்ளிவிடு என்று மேலேயிருந்து சொன்னால் அவன் என்ன செய்வான். மேனேஜர் சொன்ன கதைதான் ஆத்திரமாக இருந்தது.

ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் வீரியம் இல்லை. பிளக் பொறி வைத்துத் தீ பரவ ஆரம்பித்ததும், இன்னும் தீ எட்டாத மூலையில் இருக்கிற கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடித்துவிடும். பாபநாசம் மலையேற்றத்தில் டாப் கியரிலேயே வைத்து முறுக்கினால் இன்ஜினுக்குள் டங்டங் என்று கேட்குமே, மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்வது அதைத்தான். அப்படித் தானாக வெடிக்காமல் பெட்ரோல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைக் காட்டுகிற எண்தான் 91, 95, 100 எல்லாம். அழுத்தம் கம்மியான இன்ஜினுக்கு 91-ஏ தாராளம், அதில் 95 போட்டால் அதற்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. அதிலும் என் வண்டி மாதிரி பழசில் நாக்கிங்கைக் கண்டுபிடிக்கிற நாக் சென்சாரும் கிடையாது, பிளக் பொறி வைக்கிற நேரத்தை (இக்னிஷன் டைமிங்) பெட்ரோலுக்குத் தக்கபடி அது மாற்றிக்கொள்ளப் போவதில்லை. பிரீமியத்தில் இன்ஜினைச் சுத்தம் செய்கிற மருந்து கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள், அது உண்மைதான், ஆனால் அது வேண்டுமா வேண்டாமா என்று காசு கொடுக்கிற நான்தானே சொல்லணும்?

எத்தனால் கதை இன்னும் வேடிக்கை. எத்தனாலின் ஆக்டேன் எண்ணே 108 பக்கம் வரும், பெட்ரோலின் ஆக்டேனை ஏற்றிவிடுகிற பொருளே அதுதான். அப்படியிருக்க 95 என்று எழுதியிருப்பதால் எத்தனால் இல்லை என்று எப்படி அர்த்தமாகும்?

எல்லோருக்கும் 91 போதும் என்றும் நான் சொல்லவில்லை. டர்போ கார், அழுத்தம் கூடிய பெரிய பைக் வைத்திருப்பவர்கள் வண்டியோடு கொடுத்த புத்தகத்தையோ டேங்க் மூடிக்குள் ஒட்டியிருப்பதையோ பாருங்கள். அதில் 95 என்று போட்டிருந்தால் 95-ஐத்தான் போடணும், அங்கே காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தால் இழுவை போகும். 91 என்றிருந்தால் நார்மல் போதும், பேச்சே இல்லை. 91 கேட்கிற வண்டி நார்மலிலேயே டங்டங் என்று அடித்தால் கார்பன் படிந்திருக்கா, பிளக் சரியானதா, இன்ஜின் சூடாகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்டேன் பூஸ்டர் என்று ஒரு பாட்டிலை நீட்டினால் வாங்காதீங்க.

பைப்பைக் கையில் எடுக்கும் முன்பே "நார்மல்" என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் சைபர், அதோடு ரேட். அளவில் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவு கேனில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், எல்லா பல்க்கிலும் அது இருந்தாகணும்.

பில் கேட்டபோது பிரிண்டர் ரிப்பேர் என்றார்கள், நகராமல் நின்ற பிறகு பிரிண்டர் சரியாகிவிட்டது. பெட்ரோலின் பெயரும் ரேட்டும் அதில் அச்சாகியிருந்தன. அந்த பில்லை வைத்துத்தான் கம்பெனிக்கும், 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்கும் புகார் சொன்னேன். கம்பெனியிலிருந்து பேசினார்கள், ஊழியருக்கு அறிவுரை சொல்லிவிட்டோம் என்றார்கள். கூடுதலாகப் போன காசைப் பற்றிக் கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார்கள்.