பி.ஆர். (மக்கள் தொடர்பு) வேலைக்கு முதல் படி: வலைப்பூவா, லிங்க்ட்இன்னா?

லிங்க்ட்இன்னில் ஆட்கள் சீக்கிரம் கிடைப்பார்கள். ஏஜென்சி மேலாளர், பத்திரிகையாளர் எனப் பலரும் அங்கே இருக்கிறார்கள். ஒரு பதிவுக்கு 3,000 எழுத்துக்குறி வரை இடமும் உண்டு. ஆனால் சில நாளில் பதிவு கீழே போய்விடும்.

வலைப்பூவுக்கு வாசகர் மெதுவாகத்தான் வருவார்கள். ஆனாலும் என் ஓட்டு அதற்கே. மக்கள் தொடர்பு வேலைக்கு அடிப்படை எழுத்துதான். உங்கள் தெருவில் புதிதாகத் திறந்த பேக்கரிக்கு ஒரு செய்திக்குறிப்பு எழுதிப் பாருங்கள். யார், என்ன, எப்போது, எங்கே எல்லாம் முதல் பத்தியிலேயே வர வேண்டும். “மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்” என்று தொடங்கியிருந்தால் அதை வெட்டிவிட்டுத் தேதியை முன்னால் கொண்டுவாருங்கள். பயிற்சிக்காக எழுதியது என்று மேலே போட மறக்காதீர்கள். இப்படிப் பத்து வலைப்பூவில் சேர்ந்தால் நேர்முகத் தேர்வில் காட்ட ஒரு சுட்டி போதும். அப்புறம் அதே சுட்டியை லிங்க்ட்இன்னிலும் போடுங்கள்.